சி.என்.சி. ரவுட்டருக்குக் குறைந்த செலவில் வெற்றிட மேசை: எந்தப் பம்பு வாங்குவது?

#1 · கணபதிப் பட்டறை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். கணபதியில் சிறிய மரப்பட்டறை வைத்திருக்கிறேன். 4க்கு 4 அடி சி.என்.சி. ரவுட்டர் (கணினி வழிகாட்ட, சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் இயந்திரம்), பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் 2.2 கிலோவாட். பூஜை அறைக் கதவுக்கும் கூடத்துத் தடுப்புக்கும் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் ஜாலி (அலங்காரத் துளை வேலை) வெட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. மீதி பிளைவுட், பெயர்ப் பலகை.

இதுவரை பலகையைத் திருகு போட்டுத்தான் பிடித்து வந்தேன். சென்ற வாரம் 18 மி.மீ. பலகையில் மூன்று மணி நேரம் ஓடிய வேலை, கடைசிச் சுற்றில் 6 மி.மீ. பிட் ஒரு திருகின் தலையில் மோதியது. பலகை வீணானது, பிட் ஒடிந்தது, அவை போகட்டும். ஒடிந்த துண்டு பறந்துபோய் எதிர்ச் சுவரிலிருந்த ஜன்னல் கண்ணாடியைத் துளைத்துவிட்டது. உதவிக்கு இருக்கும் பையனுக்கு 19 வயது. வழக்கமாக அவன் நிற்கும் இடம் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரில். அன்று தேநீர் வாங்கப் போயிருந்தான். இனி இந்த இயந்திரத்தில் திருகு போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இயந்திரம் விற்பவரிடம் வெற்றிட மேசைக்கு, அதாவது அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் மேசைக்கு, விலை கேட்டேன். மேசையும் பம்பும் சேர்த்து அவர் சொன்ன தொகை என் இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. என்னால் ஒதுக்க முடிந்தது 25,000 ரூபாய். வீட்டு வேக்குவம் கிளீனரை ஒரு பெட்டியில் மாட்டிச் சோதித்ததில் ஒரு சதுர அடிப் பலகையை நன்றாகவே பிடித்தது. ஆனால் இருபது நிமிடத்தில் கருகல் வாடை வந்து நின்றுவிட்டது.

இந்தத் தொகைக்குள் எந்தப் பம்பு வாங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · ஜாலி மதுரை

ரிங் பிளோயர் (விசிறிச் சக்கரத்தால் ஏராளமாகக் காற்றை இழுக்கும் இயந்திரம்) வாங்குங்கள். வேறு எதிலும் பணத்தைப் போடாதீர்கள். என்னிடம் 4 கிலோவாட், மூன்று பேஸ் ஓடுகிறது. மூன்று ஆண்டாக ஒரு நாள் பழுதில்லை. பலகை சற்று வளைந்திருந்தாலும், ஜாலியில் பாதி ஓட்டையாகிவிட்டாலும் பிடி விடாது. காரணம் அது தள்ளும் காற்றின் அளவு. கசிவு எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேல் இழுத்துவிடும். வேக்குவம் கிளீனர் மோட்டாரெல்லாம் ஒரு மாத வேடிக்கை. புதியது 25,000க்குள் வராது. பழையது தேடிப் பாருங்கள். இறால் குஞ்சுப் பண்ணைகளில் காற்றூட்ட இதைத்தான் வைத்திருப்பார்கள், மாற்றும்போது விற்பார்கள்.

#3 · தாள் மெக்கானிக் (சிவகாசி)

தம்பி, பம்பைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் மேசையில் காற்று எங்கே கசியப் போகிறது என்று முதலில் யோசியுங்கள்.

நான் மர வேலைக்காரன் அல்ல. முப்பது ஆண்டாக ஆஃப்செட் அச்சு இயந்திரம் பழுது பார்க்கிறேன். அந்த இயந்திரத்தில் தாளை ஒவ்வொன்றாகத் தூக்குவதே வெற்றிடம்தான். கார்பன் தகடு சுழலும் பம்பு ஒன்று இருக்கும். அது இழுக்க, சின்னச் சின்ன ரப்பர் உறிஞ்சிகள் தாளைக் கவ்வும். தாள் தூக்கவில்லை என்றால் முதலாளிகள் பம்பு போய்விட்டது, புதிது போடுங்கள் என்பார்கள். நான் போய்ப் பார்த்தால் பத்தில் ஒன்பது இடத்தில் பம்பு நன்றாகவே இருக்கும். ரப்பரின் உதடு கிழிந்திருக்கும், அல்லது குழாய் மூட்டில் விரிசல் இருக்கும். சின்ன ரப்பரை மாற்றினால் பெரிய பம்பு பிழைத்துவிடும்.

மதுரைக்காரர் சொல்வது தவறல்ல. கசிவை விட வேகமாக இழுத்தால் பிடிக்கும். ஆனால் அது ஓட்டைக் குடத்தில் பெரிய குழாயால் தண்ணீர் விடுவது. அதற்கு மாதா மாதம் மின் கட்டணம் கட்ட வேண்டும்.

உங்கள் கிளீனர் கருகியதற்குக் காரணம் வேறு. வீட்டு கிளீனர் பெரும்பாலானவற்றில் உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. வாயைப் பலகை வைத்து அடைத்ததும் காற்றோட்டம் நின்று மோட்டார் தன் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. தண்ணீரையும் உறிஞ்சும் வகை கிளீனரில் மோட்டாருக்கென்று தனி விசிறி, தனிக் காற்று வழி இருக்கும். அதை பைபாஸ் மோட்டார் என்பார்கள். கார் வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் ஓடுவது அதுதான். உதிரி மோட்டார் தனியாகவே கிடைக்கும்.

#4 · கணபதிப் பட்டறை

நன்றி ஐயா. கருகியதற்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. பைபாஸ் மோட்டார் இரண்டு விசாரித்துவிட்டேன், ஒன்று 1,200 வாட், விலை என் கைக்குள் வருகிறது.

இன்னும் ஒரு குழப்பம். கடைக்காரர் ஒருவர் மில்லிபார் என்கிறார், இன்னொருவர் அங்குலம் என்கிறார், கேஜில் மி.மீ. பாதரசம் என்று போட்டிருக்கிறது. என் பலகையை எத்தனை கிலோ அழுத்திப் பிடிக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

#5 · தாள் மெக்கானிக் (சிவகாசி)

கேஜ் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் நாலு மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையை வாளித் தண்ணீரில் விடுங்கள். மறுமுனையைச் சுவரோடு ஏற்றி, இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலின் மூடிக்குள் செருகுங்கள். பாட்டிலிலிருந்து இன்னொரு டியூப் கீழிறங்கி மேசைக் குழாயில் சேரட்டும். நடுவில் பாட்டில் எதற்கென்றால், உறிஞ்சல் கூடித் தண்ணீர் மேலே வந்துவிட்டாலும் அதில் தங்கிவிடும், மோட்டாருக்குள் போகாது. பிளாஸ்டிக் பாட்டில் வைக்காதீர்கள், நசுங்கிவிடும்.

மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் டியூப்பில் ஏறும். வாளியின் நீர்மட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. ஏறியதோ, பலகையின் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் அத்தனை கிராம் காற்று அழுத்துகிறது. அவ்வளவுதான் கணக்கு. ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம் என்பதால் வந்த வசதி இது.

2 அடிக்கு 2 அடிப் பலகை என்று வையுங்கள். 60க்கு 60 செ.மீ., 3,600 சதுர செ.மீ. தண்ணீர் 200 செ.மீ. ஏறினால் 720 கிலோ. கசிவினால் 50 செ.மீ. மட்டுமே ஏறினால் 180 கிலோ. அதே மோட்டார், ஏறக்குறைய அதே மின்சாரம், பிடியில் நாலில் ஒரு பங்கு. கசிவை அடைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முழு வெற்றிடமே ஆனாலும் தண்ணீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. காற்றின் எடை அவ்வளவுதான். பள்ளியில் ஓட்டோ வான் கெரிக்கே காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டவைத்த இரண்டு செப்புக் கிண்ணங்களைக் குதிரைகள் இழுத்த படம் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தின் விட்டம் சுமார் 50 செ.மீ.தான். பரப்பைக் கணக்கிட்டால் 1,960 சதுர செ.மீ. வருகிறது, ஏறக்குறைய 2 டன். நம் வேலைக்கு வெற்றிடம் அவ்வளவு ஆழமாக, அதாவது தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும்படி, இருக்கத் தேவையே இல்லை. பரப்பு இருக்கிறதே, அதுதான் நமக்குப் பலம்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். காற்று அழுத்துவது மேலிருந்து கீழே. பிட் தள்ளுவது பக்கவாட்டில். பக்கவாட்டில் தாங்குவது உராய்வு மட்டும்தான். கீழழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5க்கு 5 செ.மீ. எழுத்துத் துண்டு என்றால் 25 சதுர செ.மீ., 150 செ.மீ. ஏறினாலும் 3.75 கிலோ அழுத்தம், பக்கவாட்டில் ஒன்றே கால் கிலோ. அந்தத் துண்டு பறக்கும். சின்னத் துண்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

#6 · ஜாலி மதுரை

பெரியவர் சொன்ன தண்ணீர்க் கணக்கை நேற்று என் மேசையில் செய்து பார்த்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், 4 கிலோவாட் ஓடியும் 80 செ.மீ.தான் ஏறியது. பிளோயரின் பெயர்த் தகட்டில் போட்டிருப்பதில் பாதி கூட இல்லை. மேசையின் மேல், வெட்டும் பலகைக்கு அடியில் கிடக்கும் மேற்பலகையை மாற்றி ஒரு வருடமாகிறது, ஓரங்களுக்குப் பூச்சே பூசவில்லை. நானும் மேசையைப் பிரிக்கப் போகிறேன்.

இருந்தாலும் ஒரு வார்த்தை. நாளுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுபவர்களுக்கு பிளோயர்தான் சரி. பைபாஸ் மோட்டாரில் இருப்பது கார்பன் பிரஷ், சில நூறு மணி நேரத்தில் தேய்ந்து புதிது கேட்கும். நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

#7 · வல்லை மரவேலை (யாழ்ப்பாணம்)

இழையை ஆவலோடு படித்து வருகிறேன். நான் செய்த ஒரு பிழையை இங்கே எழுதுகிறேன், வேறு யாரும் செய்துவிடக் கூடாது.

எம்.டி.எஃப். பலகைக்கு மேலும் கீழும் மெல்லிய இறுக்கமான தோல் போல ஒரு படை இருக்கும். உள்ளே பஞ்சு போலக் காற்றுப் புகும். வெற்றிட மேசையின் மேற்பலகை காற்றைத் தன் உடல் வழியாகவே விட வேண்டும். ஓட்டை போடத் தேவையில்லை. அதனால் இரு பக்கத் தோலையும் ரவுட்டரால் அரை மி.மீ. சீவி எடுத்துவிட வேண்டும். பக்க ஓரங்களை மட்டும் அடைக்க வேண்டும். நான் மழைக்காலத்துக்குப் பயந்து முழுப் பலகைக்கும் வார்னிஷ் அடித்துவிட்டேன். பலகை ஈரம் குடிக்கவில்லை, உண்மை. காற்றும் போகவில்லை. இரண்டு நாள் பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாரி வந்தால் பலகை உப்பத்தான் செய்யும். அதைத் தடுக்க முயலாமல், மழை தொடங்கியதும் ஒருமுறையும் முடிந்ததும் ஒருமுறையும் மேலே மெல்லியதாகச் சீவிவிடுகிறேன். 18 மி.மீ. பலகை 8 மி.மீ. ஆகும்வரை தாங்குகிறது.

#8 · கணபதிப் பட்டறை

மேசை முடிந்தது. செய்த விதத்தைச் சொல்கிறேன்.

இயந்திரப் படுக்கையின் மேல் 18 மி.மீ. எம்.டி.எஃப். அடிப்பலகை. அதை நாலு பாத்தியாகப் பிரித்தேன், ஒவ்வொன்றும் 2க்கு 2 அடி. பாத்திக்குள் 10 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள், 50 மி.மீ.க்கு ஒன்று. நடுவில் நிற்கும் 40 மி.மீ. சதுரங்கள் மேற்பலகையைத் தாங்குகின்றன. பாத்திக்குப் பாத்தி 25 மி.மீ. வரப்பு விட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் அடியிலிருந்து ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய், ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு பந்து (ball) வால்வு. நாலும் இரண்டு அங்குலக் குழாயில் சேர்ந்து, தூசி பிடிக்கும் டிரம் வழியாக மோட்டாருக்குப் போகின்றன. வயல் வேலை தெரிந்த என் அப்பா பார்த்துவிட்டு, எந்தப் பாத்திக்குப் பாய வேண்டுமோ அந்த மடையை மட்டும் திறக்கிறாய், சரிதான் என்றார்.

மேற்பலகை இன்னொரு 18 மி.மீ. எம்.டி.எஃப்., இரு பக்கமும் சீவி, ஓரங்களுக்கு ஃபெவிகால் இரண்டு பூச்சு.

இனி வருத்தமான செய்தி. மோட்டார் வாயை மட்டும் அடைத்தால் தண்ணீர் 212 செ.மீ. ஏறுகிறது. நாலு வால்வையும் மூடினால் 204. குழாய் வேலை சரியாக இருக்கிறது என்றுதானே பொருள்? ஒரு பாத்தியைத் திறந்து, மேற்பலகை இல்லாமல் வெறும் வாய்க்கால் மேலேயே பாலிதீன் தாளை விரித்தேன். காற்றுப் போக வழியே இல்லை. ஆனால் ஏறியது 96. மேற்பலகை வைத்து அதன் மேல் 2க்கு 2 அடிப் பலகை வைத்தால் 70. இரண்டாவது மோட்டாரும் சேர்க்க வேண்டுமா?

#9 · தாள் மெக்கானிக் (சிவகாசி)

சேர்க்க வேண்டாம். இரண்டு மோட்டாரைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் காற்றின் அளவு கூடும், ஆழம் கூடாது. ஒன்றின் பின் ஒன்றாக மாட்டினால் ஆழம் கூடும், அளவு கூடாது. இரண்டுமே உங்கள் நோய்க்கு மருந்தல்ல. பாலிதீன் மூடியும் 204இலிருந்து 96க்கு விழுகிறது என்றால் காற்று அடிப்பலகையின் வழியாகவே வருகிறது. (பின்னால் என்றாவது பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் மடிப்புத் தடுப்பு ஒன்று வையுங்கள். ஒன்று நின்றால் மற்றது அதன் வழியாகவே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.)

ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். அதற்கு முன் மேசையையும் தரையையும் கூட்டித் துடைத்து, டிரம்மைக் காலி செய்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்; மரத்தூளோடு நெருப்பு விளையாட்டல்ல. மோட்டார் ஓடும்போது ஓரம், அடிப்பக்கம், குழாய் சேருமிடம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே நேராக ஏறாமல் சாய்கிறதோ அங்கே பென்சிலால் குறியிடுங்கள்.

#10 · கணபதிப் பட்டறை

ஐயா, நேற்று இரவு ஒன்பது மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து ஊதுபத்தியோடு சுற்றி வந்தோம். பையன் பத்தியைப் பிடித்தான், நான் பென்சில்.

குழாய் மூட்டுகளில் புகை அசையவே இல்லை. அடிப்பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோனதும் புகை நூல் மெல்ல வளைந்தது. இன்னும் ஒரு விரல் அருகே போனதும் படுத்துக்கொண்டு ஓரத்துக்குள்ளேயே போய்விட்டது. எந்த விரிசலும் இல்லை. பலகையின் சதைக்குள்ளேயே போகிறது! வாய்க்கால் வெட்டியபோது மேல் தோலை வெட்டி உள்ளே இருக்கும் பஞ்சைத் திறந்துவிட்டேன். வெளி ஓரத்தையும் வாய்க்காலையும் அந்தப் பஞ்சு இணைக்கிறது. மேற்பலகையில் எது நன்மையோ அதுவே அடிப்பலகையில் கேடாக இருக்கிறது. படுக்கையோடு பிணைக்க நான் போட்ட ஆறு போல்ட் துளைகளிலும் இதே கதை. புகை துளைக்குள் சுருண்டு சுருண்டு இறங்கியது.

ஓரத்துக்கும் வாய்க்காலுக்கும் ஃபெவிகால் பூசிவிடலாமா?

#11 · வல்லை மரவேலை (யாழ்ப்பாணம்)

வாய்க்காலுக்குள் தண்ணீர் கலந்த பசை வேண்டாம். வெட்டிய எம்.டி.எஃப். தண்ணீரைக் குடித்து உப்பி நிற்கும், சதுரங்களின் மட்டம் கெட்டுவிடும். தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்குக் கரைக்கும் அரக்கைப் பயன்படுத்துங்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது, பலகை உப்பாது, ஆழமாக ஊறிப் பிடிக்கும். லிட்டருக்கு 200 கிராம் அளவில் கரைத்து மூன்று பூச்சு. முதல் பூச்சு மாயமாகக் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். மூன்றாவதில்தான் பளபளப்புத் தெரியும். வாய்க்கால், ஓரம், அடிப்பக்கம், போல்ட் துளையின் உட்சுவர் எல்லாம். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

பூசி முடித்து ஒரு நாள் முழுவதும் காய விடுங்கள். ஸ்பிரிட் ஆவி இருக்கும்போது மோட்டாரை ஓட்டக் கூடாது. கார்பன் பிரஷ் பொறி விடும். ஊதுபத்தியும் கூடாது.

#12 · மின்பணி சேலம்

மேசை வேலை நன்றாகப் போகிறது. மின்சாரப் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

உங்கள் பட்டறையில் மூன்று பேஸ் இணைப்பு என்று ஊகிக்கிறேன். ஸ்பிண்டிலின் டிரைவ் ஒரு பேஸில், வேக்குவம் மோட்டார் சுமையைப் பகிர்வதற்காக வேறு பேஸில் இருக்கும். நம் ஊரில் ஒரு பேஸ் மட்டும் போவது புதிதல்ல. வேக்குவம் இருக்கும் பேஸ் போனால் என்ன ஆகும்? பலகையின் பிடி இரண்டு மூன்று விநாடியில் போய்விடும். ஸ்பிண்டில் 18,000 சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். திருகுத் தலையில் மோதியதை விட இது மோசம், பலகையே பறக்கும்.

அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வேக்குவம் மோட்டாருக்குப் போகும் அதே வயரிலிருந்து ஒரு சிறிய கான்டாக்டரின் (காயிலில் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் இணைந்திருக்கும் காந்த ஸ்விட்ச்) காயிலுக்கு இணைப்புக் கொடுங்கள். அதன் துணைத் தொடுப்பை உங்கள் கன்ட்ரோலரின் அவசர நிறுத்தத் தொடரில் சேருங்கள். அந்தப் பேஸ் போன கணமே இயந்திரம் நிற்கும். மோட்டார் கெட்டால், அல்லது குழாய் கழன்றால் இது காப்பாற்றாது. அதற்கு, உறிஞ்சல் குறைந்தால் தானே அணையும் வெற்றிட ஸ்விட்ச் ஒன்றை மேசைக் குழாயில் வைக்க வேண்டும். கை வரும்போது அதையும் போட்டுவிடுங்கள்.

1,200 வாட் மோட்டார் ஐந்தரை ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., சரியான எர்த். நீட்டிப்புப் பலகையில் சொருகி ஓட்ட வேண்டாம்.

#13 · நாமக்கல் பால் பண்ணை

நடுவில் ஒரு யோசனை. நான் ரவுட்டர் வைத்திருப்பவன் அல்ல, என் தம்பி வைத்திருக்கிறான். எங்கள் மாட்டுப் பண்ணையில் பழைய பால் கறக்கும் இயந்திரத்தின் பம்பு சும்மா கிடந்தது. கறவைக்கு 45 முதல் 50 கிலோபாஸ்கல் வரை வைப்போம். பெரியவர் கணக்கில் தண்ணீர் நாலரை, ஐந்து மீட்டர் ஏறும். அதைத் தம்பியின் மேசைக்கு மாட்டினோம். எம்.டி.எஃப். மேற்பலகையோடு ஒன்றுமே பிடிக்கவில்லை, ஆழம் இருக்கிறது ஆனால் காற்று போதவில்லை. பிறகு மைக்கா ஒட்டிய பலகையில் ரப்பர் கயிறு பதித்துச் சின்ன மேசை செய்தான். அதில் உள்ளங்கை அளவுத் துண்டு கூட அசையவில்லை.

#14 · தாள் மெக்கானிக் (சிவகாசி)

அருமை. கணபதித் தம்பியின் பெயர்ப் பலகை எழுத்துகளுக்கு இதுதான் வழி. கசியாத அடி, ரப்பர் ஓரம், ஆழமான பம்பு. 5க்கு 5 செ.மீ. துண்டுக்கு நாலரை மீட்டர் என்றால் 11 கிலோ அழுத்தம். பறக்கும் துண்டு நின்றுவிடுகிறது. எண்ணெய் ஊற்றும் பம்பாக இருந்தால் வெளிவரும் காற்றில் எண்ணெய்ப் புகை இருக்கும், குழாயை வெளியே விடுங்கள். மரத்தூள் பம்புக்குள் போகாமல் வடிகட்டி கட்டாயம். எங்கள் அச்சுப் பம்புகளில் கார்பன் தகட்டைக் கொல்வதும் தூசிதான்.

#15 · ஜாலி மதுரை

ஜாலி வெட்டுவதில் என் பங்குக்குச் சில. மேல்நோக்கித் தூள் தள்ளும் பிட் பலகையைத் தூக்கும். மெல்லிய பலகைக்குக் கீழ்நோக்கித் தள்ளும் பிட் அல்லது இரண்டும் சேர்ந்த பிட் போடுங்கள். முதலில் பலகையின் நடுவிலுள்ள ஓட்டைகள், பிறகு ஓரம் நோக்கி, வெளிக்கோடு கடைசியில். முழுவதும் அறுத்துவிடாமல் அடியில் 0.4 மி.மீ. தோல் விட்டு வெட்டுங்கள். காற்றுப் புகாது, துண்டும் கழன்று பிட்டில் சிக்காது. வேலை முடிந்ததும் திருப்பிப் போட்டு 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் தோல் உதிர்ந்துவிடும். இதற்கு மேற்பலகையை அதே ஸ்பிண்டிலால் சீவி மட்டமாக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலையில் தோல் ஒரு மி.மீ., மறு மூலையில் ஓட்டை. பலகை மூடாத இடத்தைப் பழைய மைக்காத் துண்டுகளால் மூடுங்கள்.

என் மேசையையும் பிரித்து ஓரம் பூசிவிட்டேன். 80 செ.மீ. இப்போது 135.

#16 · கணபதிப் பட்டறை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அடிப்பலகையைக் கழற்றி அரக்கு மூன்று பூச்சு பூசினேன். வல்லை நண்பர் சொன்னபடியே முதல் பூச்சு இருந்த இடம் தெரியாமல் போனது. போல்ட் தலைகளை எபாக்ஸியால் அடைத்தேன். மேற்பலகை அடிப்பலகையோடு சேரும் சுற்றுவட்டத்தில் ஸ்பாஞ்ச் ரப்பர் பட்டை ஒட்டினேன்.

பாலிதீன் சோதனையில் 96 இருந்தது இப்போது 188. மேற்பலகையின் மேல் 2க்கு 2 அடி எம்.டி.எஃப். வைத்தால் 155. இதே மோட்டார்தான். இரண்டாவது மோட்டார் வாங்கவே இல்லை.

கணக்கை நம்பாமல் தொங்கு தராசு வைத்துச் சோதித்தேன். 20க்கு 20 செ.மீ. துண்டு ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் மைக்காவால் மூடி, பக்கத்தில் கொக்கி மாட்டி இழுத்தேன். தண்ணீர் 150இல் நின்றது. கீழழுத்தம் 60 கிலோ. தராசு முள் 10 தாண்டியது, 15 தாண்டியது, பையன் கால் ஊன்றிக்கொண்டு இழுத்தான். 21 கிலோவில் துண்டு சட்டென்று வழுக்கியது. ஐயா சொன்ன மூன்றில் ஒரு பங்கு அப்படியே வந்தது.

சேலம் அண்ணன் சொன்ன கான்டாக்டரைப் போட்டுவிட்டேன். வேலை ஓடாத நேரத்தில் அந்தப் பேஸின் எம்.சி.பி.யைக் கையால் இறக்கிப் பார்த்தேன், உடனே இயந்திரம் நின்றது. மோட்டாரை வெளிச்சுவர் ஓரம் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து, வெளிக்காற்றை வடிகட்டித் தெருப்பக்கம் படாமல் விட்டிருக்கிறேன். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும் உடலைக் கையால் தொட முடிகிறது.

இதுவரை ஆன செலவு 16,800 ரூபாய். மோட்டார், இரண்டு எம்.டி.எஃப். பலகை, குழாய், வால்வு, அரக்கு, ரப்பர், கான்டாக்டர் எல்லாம் சேர்த்து. மீதியில் வெற்றிட ஸ்விட்சும், எழுத்துகளுக்கான சின்ன மேசைக்கு ஒரு பழைய பம்பும் தேடுகிறேன்.

நேற்று முதல் முழு ஜாலி வெட்டினோம். 2க்கு 4 அடி, 12 மி.மீ., இரண்டு பாத்தி திறந்து. ஆரம்பத்தில் 140, கடைசி ஓட்டை முடிந்தபோது 122. திருகு ஒன்று கூட இல்லை. பையன் டியூப்புக்குப் பின்னால் சுவரில் 100இல் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருக்கிறான். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் என்னைக் கேட்காமலே நிறுத்திவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

#17 · தாள் மெக்கானிக் (சிவகாசி)

மனம் நிறைந்தது தம்பி. வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டுத் துணி நீலம் கலந்துவிடுங்கள், தூரத்திலிருந்தும் மட்டம் தெரியும். மாதம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், டியூப்பில் பாசி பிடித்தால் கோடு தெரியாது.

#18 · வல்லை மரவேலை (யாழ்ப்பாணம்)

மேற்பலகையைச் சீவிய பிறகு எத்தனை செ.மீ. என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி வாருங்கள். என்னிடம் அப்படி இரண்டு ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. எண் மெல்ல இறங்கத் தொடங்கினால் ஓரப் பூச்சு உரிகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். சின்ன மேசை செய்யும்போது ரப்பர் கயிற்றின் அளவையும் அதன் பள்ளத்தின் ஆழத்தையும் இங்கே எழுதுங்கள். நானும் அதைத்தான் அடுத்துச் செய்யப் போகிறேன்.